சாம்பிள் கொண்டு வருபவரை யார் பார்ப்பது?

மளிகைக்காரன் வாத்தியத்தைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். விஷயம் நம் கடை வாசலைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சௌனிங், 1967-இல் கம்ப்யூட்டரில் மணியோசை, பித்தளை வாத்திய ஓசை போன்றவற்றைச் சுலபமாக உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதை அந்நாட்டு ஆர்கன் கம்பெனிகளுக்குக் காட்டினார்கள். வந்தவர்களுக்கு அதன் சூட்சுமம் பிடிபடவில்லை. வேண்டாம் என்று போய்விட்டார்கள். ஜப்பானின் யமஹா கம்பெனியோ ஓர் எஞ்சினீயரை அனுப்பியது. அவருக்குச் சில நிமிடங்களில் விளங்கிவிட்டது. அப்புறமும் லாபம் உடனே வந்துவிடவில்லை. வருஷக்கணக்கில் பணம் போட்டுக் காத்திருந்தார்கள். 1983-இல் வந்த டிஎக்ஸ்7 கீபோர்டு ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது.

நம் கடைக்குப் புதுச் சரக்கு கொண்டு வருபவரை யார் பார்க்கிறார்? கல்லாப் பையன் "முதலாளி இல்லை" என்கிறான். நானே ஒருவரை அப்படி வாசலோடு அனுப்பினேன். அவருடைய அப்பளக் கட்டுகளை இன்று அடுத்த தெரு மண்டியில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறேன்! சரக்கு தெரிந்த ஆள் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதற்கென்று சங்கக் கட்டடத்தில் மாதம் ஒரு நாள் ஒதுக்கும்படி செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.