பெங்களூர் போனால்தான் ஐ.டி.யா?

சேலத்திலும் நாமக்கல்லிலும் பொறியியல் முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "இங்க இருந்து என்ன சாமி பண்ணப் போற? பெங்களூரு போயிரு." பிள்ளை மேல் உள்ள அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதற்குப் பின்னால், யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு கணக்கு இருக்கிறது. மென்பொருள் பெருநகரத் தொழில். இந்த மண்ணுக்கு லாரி, கோழிப்பண்ணை, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக், ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு போதும். தப்பித்தவறி ஒரு ஐ.டி. நிறுவனம் இங்கே வந்தாலும் டேட்டா என்ட்ரியோடு நின்றுவிடும். நல்ல ஆள் கிடைக்காது, வியாபாரம் பெருகாது. மிச்சம் இருப்பதை ஏ.ஐ. விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கை நம்பி ஊரைவிட்டுப் போவது பிள்ளைகள் மட்டும் அல்ல. லாரியிலும் பண்ணையிலும் சம்பாதித்த பணமும் மென்பொருள் பக்கம் திரும்பாமல் நிலத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகிறது. ஆகவே இதை வரிவரியாக எடுத்துப் பார்த்துவிட வேண்டியிருக்கிறது.

1. "இந்த ஊருக்கு அந்தத் தொழில் வராது"

வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. விப்ரோவில் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஸ்ரீதர் மிட்டா, மைதிலி ரமேஷ், ஆனந்த் தல்வாய் ஆகியோர் 2008-ல் நெக்ஸ்ட்வெல்த் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பட்டதாரிகளைப் பெருநகரத்துக்கு வரவழைக்காமல், அவர்கள் இருக்கும் ஊருக்கே வேலையைக் கொண்டுபோவதுதான் அவர்களுடைய திட்டம். சேலத்திலும், நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்திலும் மையங்கள் வந்தன. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில், செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதற்கான தரவு வேலை நடக்கிறது. இன்று அந்த நிறுவனத்துக்கு நாடெங்கும் சிறு நகரங்களில் 11 அலுவலகங்கள், சுமார் 5,000 ஊழியர்கள். வேலையில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. சேலத்தில் இயங்கும், சோனா குழுமத்தைச் சேர்ந்த வீ டெக்னாலஜீஸ் அதற்கும் முன்பே, 2000-ல் தொடங்கப்பட்டது. அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங், காப்பீடு, பொறியியல் வடிவமைப்பு என்று அதன் வேலை விரிந்திருக்கிறது.

பெங்களூரும் பிறக்கும்போதே ஐ.டி. நகரமாகப் பிறக்கவில்லை. 1985-ல் சிப் தயாரிக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அங்கே ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, அதன் செயற்கைக்கோள் ஆன்டெனா மாட்டு வண்டியில்தான் வந்து இறங்கியது. அந்த நிறுவனம் குடியேறியது மில்லர்ஸ் ரோட்டில் இருந்த சோனா டவர்ஸில். அதைக் கட்டிய வள்ளியப்பாவின் குழுமம்தான் சேலத்தில் சோனா தொழில்நுட்பக் கல்லூரியை நடத்துகிறது. பெங்களூரின் சிப் வடிவமைப்புக் கதை தொடங்கிய கட்டடத்தைக் கட்டியதே சேலத்தோடு வேர் பிடித்த ஒரு குழுமம். இந்த ஊருக்கும் அந்தத் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

2. "வந்தாலும் டேட்டா என்ட்ரிதான்"

இதைச் சொல்பவர்கள் அந்தத் திரையின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தானோட்டிக் காருக்கான வீடியோவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் வண்டி, ஆள், சைக்கிள், நடைபாதை என்று ஒவ்வொன்றின் விளிம்பையும் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். லாரிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் பைக்குக்குத் தெரியும் பகுதியை மட்டும் வரைவதா, முழு உருவத்தையும் ஊகித்து வரைவதா? கடைக் கண்ணாடியில் தெரியும் ஆளின் பிம்பம் ஆள்தானா? சுவரொட்டியில் இருக்கும் நடிகரைப் பாதசாரி என்று குறித்துவிட்டால் நாளைக்கு அந்தக் கார் நடுரோட்டில் காரணம் இல்லாமல் நிற்கும். இதற்கெல்லாம் விதிப்புத்தகம் உண்டு. அது வாராவாரம் மாறவும் கூடும். இருவர் குறித்தது ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இது தட்டச்சு வேலை இல்லை. கண்ணும் தீர்மானமும் சேர்ந்த வேலை.

மருத்துவக் கோடிங் இன்னும் கடினம். அமெரிக்கா 2015 அக்டோபரில் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டு முறைக்கு மாறியது. நோய்களுக்கு மட்டும் சுமார் 70,000 குறியீடுகள். கை முறிந்தது என்றால் போதாது. எந்தக் கை, எந்த எலும்பு, மூடிய முறிவா, திறந்த முறிவா, முதல் வருகையா, மறு வருகையா என்று எல்லாம் குறியீட்டில் வந்தாக வேண்டும். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து இதைப் பிடிப்பவருக்கு உடற்கூறியல் தெரிந்திருக்க வேண்டும். குறியீடு தவறினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. சேலத்தில் உட்கார்ந்து இதைச் செய்யும் பெண்ணை டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் என்று அழைப்பது அவர் கற்ற வித்தைக்குச் செய்யும் அவமரியாதை.

இந்த வாதத்தில் ஒரு பாதி உண்மையும் உண்டு. இவையெல்லாம் சேவைப் பணிகள். வாடிக்கையாளர் வேறு நாட்டில். முடிவில் உருவாகும் மென்பொருளும் அவருக்கே சொந்தம். அந்தக் குறையை ஐந்தாவது வாதத்தில் நேராகவே பார்ப்போம்.

3. "ஆள் கிடைக்காது, நல்ல பிள்ளைகள் போய்விடுகிறார்கள்"

காரியத்தைக் காரணமாக்கும் வாதம் இது. வேலை இல்லாததால் போகிறார்கள். போவதால் வேலை வரவில்லை என்கிறோம். சேலத்தில் 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தியாகராஜர் பாலிடெக்னிக் 1958-லேயே வந்துவிட்டது. திருச்செங்கோட்டில் கே.எஸ். ரங்கசாமி, மல்லசமுத்திரத்தில் மகேந்திரா, நாமக்கல் பாச்சலில் பாவை என்று சங்ககிரியிலிருந்து ராசிபுரம்வரை கல்லூரிப் பேருந்து போகாத சாலை இல்லை. வருடாவருடம் இங்கே படித்து முடிப்பவர்களைத்தான் பெங்களூர் நிறுவனங்கள் தேடி வந்து எடுத்துக்கொண்டு போகின்றன. அங்கே போனதும் திறமைசாலி ஆகிறவர், இங்கே இருந்தால் மட்டும் எப்படித் திறமையற்றவர் ஆவார்?

தென்காசி இதற்கு நல்ல பதில். ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-ல் தென்காசிக்குப் பக்கத்தில், மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அங்கே பொறியியல் கல்லூரிகளின் கூட்டம் இல்லை, விமான நிலையம் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கான ஸோஹோ டெஸ்க் என்ற பொருள், உலகமெங்கும் விற்கும் பொருள், அந்தத் தென்காசி அலுவலகத்தில்தான் பெரும்பாலும் உருவானது. பட்டப்படிப்பு இல்லாமல், பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் பள்ளியையும் அந்த நிறுவனம் 2000-களின் நடுவிலிருந்தே நடத்திவருகிறது. தென்காசியில் முடிந்தது, ஊருக்கு ஊர் கல்லூரி இருக்கும் சேலம் நாமக்கல்லில் முடியாது என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

4. "சின்ன ஊரில் இருந்தால் வியாபாரம் பெருகாது"

கணக்கைப் பார்ப்போம். ஸோஹோவின் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்ற அறிவிப்பு 2022 நவம்பரில் வந்தது. 2022-23 நிதியாண்டில் அதன் வருமானம் சுமார் 8,700 கோடி ரூபாய், நிகர லாபம் சுமார் 2,800 கோடி. வெளியாரின் முதலீடு வாங்காமல் வந்த வளர்ச்சி இது. அந்த ஆண்டு வருமானம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியபோது லாபம் சுமார் 3 சதவீதம்தான் கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸோஹோவின் தலைமை வளாகம் சென்னையை ஒட்டி இருப்பதும் உண்மை. என்றாலும், கிராம அலுவலகங்களைத் திறந்த காலத்தில்தான் அந்த நிறுவனம் இப்படி வளர்ந்திருக்கிறது. கிராமம் காலைப் பிடித்து இழுத்திருந்தால் அது கணக்கில் தெரிந்திருக்கும்.

பக்கத்துக் கோவையைப் பாருங்கள். 2011-ல் சரவணகுமார் தொடங்கிய கோவை டாட் கோ, மென்பொருளை உலக நிறுவனங்களுக்கு விற்கிறது. 2025 தொடக்கத்தில் தன் ஊழியர்கள் சுமார் 140 பேருக்கு 14 கோடி ரூபாய் போனஸ் அறிவித்து நாடெங்கும் செய்தியானது. சம்பளத்துக்கு மேல் அவ்வளவு கொடுக்கும் அளவுக்கு ஒரு கொங்கு நகரத்திலிருந்து லாபம் ஈட்ட முடிகிறது. கோவைக்கும் சேலத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம்தான். வந்தே பாரத் ரயில் 2023 ஏப்ரலிலிருந்து இரண்டு ஊர்களையும் தொட்டுப் போகிறது.

5. "மிச்சத்தை ஏ.ஐ. விழுங்கிவிடும்"

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், மழுப்பக் கூடாது. படத்தில் பூனை எது நாய் எது என்று குறிக்கும் எளிய வேலை ஏற்கெனவே இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மருத்துவக் கோடிங்கிலும் முதல் வரைவை மென்பொருள் போட, மனிதர் சரிபார்ப்பது என்ற நிலை வருகிறது. ஏ.ஐ. கொடுக்கும் பதிலைத் தரம்பார்ப்பது, அது தவறும் இடத்தைக் கண்டுபிடிப்பது என்று வேலை மேலே நகரும். ஆனால் மேலே நகரும் வேலைக்கு ஆள் குறைவாகவே போதும்.

இந்த ஆபத்துக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை. பெங்களூரில் அதே வேலையைச் செய்பவருக்கும் இதே ஆபத்துதான். கூடவே அங்கே வீட்டு வாடகை வேறு. ஆபத்தின் வேர், உழைப்பை மணிக்கணக்கில் விற்பதில் இருக்கிறது. மணிக்கணக்கில் விற்பவரின் மணியை இயந்திரம் குறைத்தால் வருமானமும் குறையும். தன் பொருளை விற்பவருக்கோ அதே இயந்திரம் செலவைக் குறைத்துக் கொடுக்கும்.

இந்தப் பாடம் நம் ஊருக்குப் புதிது இல்லை. திருச்செங்கோட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கூலிக்குக் கிணறு வெட்டுவதோடு நிற்கவில்லை. ரிக் வண்டியைச் சொந்தமாக்கினார்கள், வட இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள், ரிக் செய்யும் பட்டறைகளையும் ஊரிலேயே வைத்தார்கள். நாமக்கல்லும் டிரைவர் வேலையோடு நிற்காமல் லாரி உரிமையாளர் ஊராக, பாடி கட்டும் ஊராக ஆனது. கருவி யாருடையதோ அவருக்குத்தான் லாபம் என்பதைக் கண்டுகொண்ட ஊர், மென்பொருளில் மட்டும் சம்பளத்தோடு திருப்திப்பட வேண்டியதில்லை.

6. "லாரிக்கும் கோழிக்கும் சாஃப்ட்வேர் எதற்கு?"

இங்கேதான் பெரிய வாய்ப்பே இருக்கிறது. சேலத்து ஆலையிலிருந்து ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் புறப்படும் லாரியை நினைத்துப் பாருங்கள். சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள் கணக்கு. 1,200 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் ஆறு நாள். வழியில் ஆக்சில் உடைந்து இரண்டு நாள் நின்றுவிட்டால், கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் கிடைக்கும் அவகாசத்துக்குள் நீட்டித்தாக வேண்டும். வேறு வண்டிக்குச் சரக்கு மாறினால் வண்டி எண்ணைத் திருத்த வேண்டும். கெடு முடிந்த பில்லோடு சோதனையில் சிக்கினால் வண்டி நிற்கும், அபராதம் விழும். இதோடு ஃபாஸ்டேக் கணக்கு, டீசல், டயர், பர்மிட், எஃப்.சி. தேதி, டிரைவர் பேட்டா. இத்தனையையும் இரண்டு, மூன்று லாரி வைத்திருப்பவர் வாட்ஸ்அப்பிலும் நோட்டுப் புத்தகத்திலும் வைத்துச் சமாளிக்கிறார். தமிழில் பேசும், இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கும், மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மென்பொருளுக்கு இங்கே சந்தை இருக்கிறது. இந்தச் சிக்கலை உள்ளே இருந்து அறிந்தவர் நாமக்கல்லில் ஒரு டீக்கடை தூரத்தில் கிடைப்பார். பெங்களூர் அலுவலகத்தில் அவரைத் தேட வேண்டும்.

பண்ணைகளிலும் அப்படியே. முட்டைக் கோழிப்பண்ணையில் தினமும் தீவனம், இறப்பு, முட்டை சதவீதம், வெப்பம் எல்லாம் எழுதப்படுகிறது. முட்டை விலையோ தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிக்கும் விலையோடு ஏறி இறங்குகிறது. ஜவ்வரிசிக்கு 1981-லேயே சேகோசர்வ் என்று கூட்டுறவு அமைத்துக்கொண்ட வட்டாரம் இது. தரவும் உண்டு, சந்தையும் உண்டு, கட்டுப்பாடாகச் சேர்ந்து இயங்கிய பழக்கமும் உண்டு.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. சேலம் கருப்பூர் அருகே 2024 செப்டம்பரில் 29.50 கோடி ரூபாயில் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியை, இந்த வட்டாரத் தொழில்களுக்குப் பொருள் உருவாக்கும் சிறு குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்க வேண்டும். கல்லூரிகள் இறுதியாண்டுப் புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்க விடாமல், ஒரு லாரி ஆபீஸிலோ பண்ணையிலோ மூன்று மாதம் உட்கார வைத்துச் செய்யச் சொல்ல வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்களும் பண்ணையாளர் சங்கங்களும் முதல் வாடிக்கையாளராக முன்வர வேண்டும். இலவசமாகக் கேட்காமல் காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கே நடக்கும் சேவை நிறுவனங்கள், தங்களிடம் பழகிய ஊழியர் சொந்தப் பொருளோடு வெளியே வந்தால் தடுக்காமல் பங்கெடுக்க வேண்டும்.

சேலம் நாமக்கல்லில் மென்பொருள் வளரும் என்பதற்கு மல்லசமுத்திரமும் கருப்பூரும் சாட்சி. அந்த வளர்ச்சியில் நமக்குச் சம்பளம் மட்டும்தானா, பங்கும் உண்டா என்பதை இந்த ஊரின் பணமும் பிள்ளைகளும் சேர்ந்து எடுக்கும் முடிவுதான் தீர்மானிக்கும். ரிக் வாங்கக் கடன் கொடுத்து, அது ராஜஸ்தானில் ஓடித் திரும்பும்வரை காத்திருந்த ஊர் இது. அதே பொறுமையோடு ஒரு மென்பொருளுக்கும் இரண்டு வருடம் கொடுத்துப் பார்க்கலாம்.