கப்பலில் போங்கள்

தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் அந்தமான் என்றாலே எல்.டி.சி.யும் (அரசு ஊழியருக்கான விடுப்புப் பயணச் சலுகை) விமானமும்தான் பேச்சு. கையைக் கடிக்காமல் நண்பர்களோடு போக நினைப்பவர்களுக்கு நான் கப்பலைத்தான் சொல்வேன். புது தில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னைத் துறைமுகத்தில் பங்க் வகுப்புப் படுக்கை. கிட்டத்தட்ட மூன்று நாள் கடல். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடைத்தெருவில் தமிழிலேயே விலை கேட்கலாம். அங்கிருந்து நீல் தீவுக்கு அரசுப் படகு இருக்கிறது. கட்டணம் தனியார் படகைவிட மிகக் குறைவு. 2018இல் ஷஹீத் தீவு என்று பெயர் மாறினாலும் படகுத்துறையில் இன்னும் நீல்தான். வாடகை சைக்கிளில் தீவையே சுற்றிவிடலாம். டிசம்பரில் லட்சுமண்பூர் கடற்கரையில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். அப்போது பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுங்கள். ஈரமணலில் ஒரு சங்கு மெல்ல நகரும். குனிந்து பார்த்தால் உள்ளே நண்டு, விரல் நிழல் பட்டதும் காலை இழுத்துக்கொள்ளும். நாம் பொறுக்கிவரும் ஒவ்வொரு சங்கும் அப்படி ஒன்றுக்கு வீடாகியிருக்கும். சங்கும் பவளமும் எடுத்துவர அங்கே சட்டப்படி தடை. அந்தத் தடை இன்னும் கடுமையாக வேண்டும் என்பதே என் ஆசை.