சத்தம் வருகிறது, வசனம் வரவில்லை



மும்பையில் வாடகை மண்டபம் ஒன்றில் எங்கள் சபை கூடிவருகிறது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் வயதான தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். எழுத்து வாசிக்க அறியாதவர். “ஐயா, சத்தம் நல்லா வருது. வார்த்தைதான் ஒண்ணும் பிடிபடல. இன்னைக்கு என்ன வசனம் வாசிச்சீங்க?” என்றார். வந்து ஆறு மாதமாயிற்று என்றும் சொன்னார். வேதத்தைச் செவியினால் மாத்திரமே பெறக்கூடிய ஒரு ஆத்துமா, ஆறு மாதம் வெறும் முழக்கத்தைக் கேட்டுத் திரும்பியிருக்கிறது!

அந்த முழக்கத்தைக் கேட்டு வாங்கியவன் நானே. கன்வென்ஷன் மேடைகளில் ஊழியர்களின் குரல் இடிபோல் ஒலிப்பதைக் கேட்டு ஆசைப்பட்டு, “தம்பி, எக்கோ இன்னும் கொஞ்சம் கூட்டு” என்று மிக்ஸரில் அமரும் வாலிபனிடம் வாரந்தோறும் சொல்லிவந்தேன். அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம்.

எக்கோ என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை இரண்டு. சத்தம் சற்றுப் பிந்தி, தனித்தனியாகத் திரும்ப ஒலிப்பது டிலே. பீஜப்பூர் கோல் கும்பஸின் மாடத்தில் கை தட்டியவர்களுக்கு அது தெரியும். சுவர், கூரை, தரை எங்கும் பட்ட எண்ணற்ற பிரதிபலிப்புகள் ஒன்றாய்க் கலந்து மெல்ல அடங்குவது ரிவெர்ப். 1895-ல் ஹார்வர்டில் புதிதாய்க் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை. ஒரு சத்தம் அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆயிற்று. வாலஸ் சபைன் என்பவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, அது குறைவதை இரவுகளில் அளந்து பார்த்தார்.

எங்கள் மண்டபமும் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். மைக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கை தட்டினோம். அறையே வேண்டிய மட்டும் ரிவெர்ப் கொடுத்தது. அதன்மேல் நாங்களும் ஊற்றியிருக்கிறோம்! (1957-ல் வந்த ஈ.எம்.டி. 140 என்ற ரிவெர்ப் கருவி, பெட்டிக்குள் தொங்கும் எஃகுத் தகடு. எடை ஏறக்குறைய 270 கிலோ. இன்று சிறிய மிக்ஸருக்குள்ளேயே கிடைப்பதால் நமக்குத் தாராளம் அதிகமாகிவிட்டது.)

பிரசங்க மைக்கின் எஃபெக்ட் திருகை முற்றிலும் பூஜ்யத்தில் வைத்தோம். “ஐயா, எக்கோ இல்லாட்டா அபிஷேகம் இல்லாத மாதிரி இருக்குமே” என்றான் தம்பி. விளங்காத சத்தமிடும் எக்காளத்தைக் குறித்து கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 14-ஆம் அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன்.

பாடுகிறவர்களுக்கோ சிறிதளவு வேண்டும். இல்லாவிடில் குரல் வறண்டு போகும். ஏறக்குறைய ஒன்றரை வினாடி நீளமுள்ள ரிவெர்பைத் தெரிந்துகொண்டு, அது காதுக்குத் தெரியும்வரை கூட்டி, பின்பு சற்றுக் குறைத்தோம். பிரீ-டிலே என்ற இடைவெளியை 30 மில்லி வினாடி வைத்தால் சொல் முதலில் தெளிவாய் வெளிவரும். முழக்கம் பின்னால் வரும். ரிவெர்பிலிருந்து 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டால் இரைச்சல் குறையும். டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் எஃபெக்ட் அனுப்பவில்லை.

டிலேக்கு ஒரு கணக்கு உண்டு. 60,000-ஐப் பாட்டின் தாள வேகத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்திற்கு 80 தட்டு என்றால் 750 மில்லி வினாடி; அதில் பாதி 375. அப்படி வைத்தால் திரும்பி வரும் குரல் தாளத்தில் விழும். ஒன்றிரண்டு முறை திரும்பினால் போதும், அதுவும் மெதுவான பாடல்களில் மாத்திரம்.

நம் வாலிபர்கள் மறப்பது ஒன்று. பாடலுக்கும் பாடலுக்கும் நடுவே ஆராதனை நடத்துகிறவர் பேசவோ ஜெபிக்கவோ தொடங்கினால், உடனே எஃபெக்டை மியூட் செய்ய வேண்டும். ஹெட்போனில் கேட்டுத் தீர்மானிக்காமல் எழுந்து கடைசி வரிசைவரை நடந்து கேட்க வேண்டும். ஜனம் நிறைந்தபின் ஆட்களும் உடைகளும் சத்தத்தை உறிஞ்சுவதால், காலியான மண்டபத்தில் சனிக்கிழமை சரியாயிருந்தது ஞாயிறன்று மாறியிருக்கும்.

முதல் ஞாயிறு என் குரல் எனக்கே மெலிந்து கேட்டது, கூச்சமாயிருந்தது. முடிந்தபின் அந்தத் தாயாரிடம், “இன்றைக்கு விளங்கியதா அம்மா?” என்றேன்.

“எல்லாம் கேட்டுச்சு ஐயா. நீங்க நாலு தடவ இருமினீங்களே, அதுவும் கேட்டுச்சு. மிளகு போட்டுப் பால் குடிங்க” என்றார்.