ஹிஸ்டரி மிஸ் என்ன படிச்சாங்க?

பத்தாவதுல உங்களுக்கு மேத்ஸ் எடுத்த சார் என்ன டிகிரின்னு கேட்டா பாதிப் பேர் யோசிக்காம சொல்லிடுவீங்க. எம்.எஸ்சி., பி.எட்., இருபது வருஷ அனுபவம், எத்தனை சென்டம் கொடுத்தவர்னு ஸ்கூல் நோட்டீஸ்லயே போட்டிருப்பாங்க. சரி, ஹிஸ்டரி எடுத்தவங்க என்ன படிச்சாங்க?

தெரியாது இல்ல? பரவாயில்ல, உங்க தப்பு இல்ல. நம்ம ஊர் தனியார் பள்ளிகள்ல பெரும்பாலும் பத்தாம் வகுப்பு வரைக்கும் 'ஹிஸ்டரி டீச்சர்' என்று ஒரு ஆளே கிடையாது. 'சோஷியல் மிஸ்' தான் உண்டு. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலுக்கும் ஒரே ஆள், ஒரே பேப்பர். சி.பி.எஸ்.இ.ன்னா 80 மார்க் தியரியில ஹிஸ்டரியோட பங்கு 20. பி.ஏ. எகனாமிக்ஸ், பி.எட். முடிச்சவங்க சோழர்களை நடத்துவாங்க. தப்பித்தவறி பி.ஏ. ஹிஸ்டரி படிச்ச ஒருத்தர் வந்தாலும் அவர் போய் பருவக்காற்று நடத்தணும். விதிப்படி இதுல பிழையே இல்ல. டெட் தேர்வோட இரண்டாம் தாள்லயே 150 மார்க்ல 60 மார்க் சமூக அறிவியலுக்கு மொத்தமாத்தான் ஒதுக்கியிருக்காங்க. பதினொண்ணாம் வகுப்புக்குப் போனா நிறைய தனியார் பள்ளிகள்ல ஹிஸ்டரி குரூப்பே இருக்காது. அதனால அந்தப் பாடத்துல எம்.ஏ. படிச்ச ஆளை எடுக்க வேண்டிய அவசியமும் இருக்காது. ஒரு டவுட் வந்தா போய்க் கேக்க அந்த கட்டடத்துல யாரும் இல்ல.

"அதனால என்ன? புக் இருக்கு, கைடு இருக்கு, படிச்சு பாஸ் ஆயிட்டோம்ல"ன்னு கேப்பீங்க. ஒரே ஒரு டாபிக் எடுத்துப் பாப்போம். குடவோலை. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: உத்திரமேரூர், முதலாம் பராந்தகன், ஓலையில பேர் எழுதி குடத்துல போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. அடிக்கோடு போட வேண்டிய வரி, "சோழர் கால ஜனநாயகம்". ஃபைவ் மார்க் ஓவர்.

இப்ப அதே கல்வெட்டை வரலாறு படிச்ச ஒருத்தர் எடுத்தா என்ன ஆகும்னு பாருங்க. முதல்ல, அது ஒரு கல்வெட்டு இல்ல, ரெண்டு. 919, 921ன்னு ரெண்டு வருஷ இடைவெளி. ரெண்டே வருஷத்துல விதியை ஏன் மாத்தி எழுதினாங்க? அப்புறம், குடத்துக்குள்ள பேர் போகணும்னா என்ன தகுதி? வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். சொந்த மனையில வீடு இருக்கணும். வயசு 35லிருந்து 70க்குள்ள. வேதப் படிப்பு வேணும். அந்தப் படிப்பு கூடுதலா இருந்தா நிலம் அதுல பாதி இருந்தாலும் போதும். ஏற்கனவே வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் அவுட். (இந்த ஒரு விதியை மட்டும் நம்ம காலேஜ் சிம்போசியம் கமிட்டிக்குக் கொண்டு வரலாம்.) உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். மத்த ஊர்கள்ல இருந்த சபை வேற மாதிரி.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகு கிளாஸ்ல ஒரே கேள்விதான் மிச்சம்: குடத்துக்குள்ள பேர் போகாதவங்க யாரு? அந்த நிலத்துல வேலை செஞ்சவன் பேர் போச்சா? பெண்கள் பேர்? பதினஞ்சு வயசுல அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, இன்னிக்கு வாட்ஸ்அப்ல "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவங்க நாம"ன்னு வர்ற ஃபார்வர்டையும், "அதெல்லாம் சும்மா பீலா"ன்னு வர்ற ஃபார்வர்டையும் ஒரே மாதிரி நிதானமாப் பாத்திருப்போம். கல்வெட்டு உண்மை. அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்ங்கறதுதான் விஷயம்.

கீழடியும் அப்படித்தான். "பொது ஆண்டுக்கு முன் 580" என்பது ஒன் மார்க். ஆனா அது 353 சென்டிமீட்டர் ஆழத்துல கிடைச்ச ஒரு கரிம மாதிரி; அமெரிக்காவுல ஒரு லேபுக்கு அனுப்பி வந்த முடிவு; 2019ல தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்தத் தேதி அந்த அடுக்குல கிடைச்ச அந்த மாதிரிக்கான தேதி. அதை வச்சு அதே அடுக்குல இருந்த பானை ஓட்டுக்கு எப்படிப் போறாங்க? லேப்ல ஒரு ரீடிங் எடுத்தாக்கூட எர்ரர் எவ்வளவுன்னு கேக்குற நமக்கு இது எவ்வளவு பிடிச்சிருக்கும்!

சரி, இப்படி நடத்தத் தெரிஞ்ச ஆளுங்க எங்க? இருக்காங்க. அரசு கலைக் கல்லூரிகள்ல ஒவ்வொரு வருஷமும் பி.ஏ. வரலாறு முடிச்சு வெளிய வர்றாங்க. அதுல நிறைய பேர் தமிழ் மீடியம், நிறைய பேர் வீட்லயே முதல் பட்டதாரி. பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் போயிடுவாங்க. அங்க தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கு, போறது நியாயம்தான். டீச்சர் ஆகணும்னு நினைக்கிற மிச்சப் பேர் ஒரு மெட்ரிக் ஸ்கூலுக்கு இன்டர்வியூக்குப் போனா என்ன ஆகும்? "டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்." அவ்வளவுதான். அந்தக் குடவோலைத் தகுதியை மூச்சு விடாம சொல்லத் தெரிஞ்ச பொண்ணு அதை இங்கிலீஷ்ல சொல்ல அஞ்சு நிமிஷம் திணறினா, வேலை வேற ஆளுக்கு. சரளமா இங்கிலீஷ் பேசுறவங்க வருவாங்க, புத்தகத்தைச் சத்தமா வாசிப்பாங்க, புக் பேக் ஆன்சரை மார்க் பண்ணிக் கொடுப்பாங்க.

இதுதான் என் வாதமே. நம்ம தனியார் பள்ளிகள் டீச்சரோட பின்னணியைப் பாக்கலைன்னு சொல்ல வரல. நல்லாவே பாக்குறாங்க. ஆனா ஹிஸ்டரின்னு வந்தா பாக்குறது பாடத்தை இல்ல, உச்சரிப்பை. மேத்ஸ் சார் தமிழ்லயே கணக்கு போட்டா "கான்செப்ட் கிளியர்"னு கொண்டாடுற அதே மேனேஜ்மென்ட்தான். நானும் இங்கிலீஷ் மீடியம்தான், அந்த ஃபில்டர் யாருக்காகப் போடப்பட்டதோ அந்தக் கூட்டம்தான். எனக்கு இங்கிலீஷ் வேணும், வேண்டாம்னு சொல்லல. அதைச் சொல்லிக் கொடுக்க இங்கிலீஷ் பீரியட் வாரத்துக்கு ஏழு எட்டு இருந்துச்சே.

டிகிரி இருந்தா மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. நம்ம 2021 ரெகுலேஷன்ல வந்த 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' பேப்பர் ஞாபகம் இருக்கா? ஆளுக்கு ஒரு கிரெடிட். எங்களுக்கு எடுத்தவர் மெக்கானிக்கல் சார். இரும்பு உருக்கும் யூனிட்ல மனுஷன் பின்னி எடுத்துட்டார். உலை, காத்து, வெப்பநிலைன்னு ஒரு மணி நேரம் போனதே தெரியல. கல்வெட்டு, சுவடின்னு வந்ததும் பிபிடியை வாசிச்சார். பாவம், அவர் என்ன செய்வார்.

தனியார் பள்ளிகள் பின்னணி பாக்குறதுல கில்லாடிங்கன்னா அது இங்கிலாந்துதான். அங்க தனியார் பள்ளியில பாடம் எடுக்க, அரசுப் பள்ளிகள் கேக்குற டீச்சர் தகுதிச் சான்று சட்டப்படி கட்டாயம் இல்ல. அதனால அவங்க பாக்குறது பாடத்துல என்ன டிகிரி, எந்தக் காலேஜ்னு. ஹிஸ்டரிக்குன்னு தனி டிபார்ட்மென்ட், அதுக்கு ஒரு ஹெட். ஈட்டன் பள்ளியில ஹிஸ்டரி எடுத்த ஹென்றி மார்ட்டன்தான், இளவரசி எலிசபெத்துக்கு அரசியலமைப்பு வரலாறு சொல்லிக் கொடுத்தவர். ஹாரோ பள்ளி ஹிஸ்டரி மாஸ்டர் டவுன்சென்ட் வார்னரோட சேர்ந்து 1912ல பிரிட்டிஷ் வரலாறு பாடப்புத்தகமே எழுதினார். அதே ஹாரோவுல படிச்சவர் வரலாற்றாசிரியர் ஜி.எம். ட்ரெவெல்யன். அவர் கரிபால்டி பத்தி எழுதின புத்தகத்தை ஹாரோவுல பரிசா வாங்கின ஒரு இந்தியப் பையன், மிச்ச வால்யூமையும் தேடிப் பிடிச்சுப் படிச்சான். பின்னாடி ஜெயில்ல உக்காந்து மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதமா எழுதினான். ஆமா, நேருதான்.

ஆனா மார்ட்டனோட பின்னணியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க: படிச்சது ஈட்டன், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு, திரும்ப வேலைக்கு வந்தது ஈட்டன். பாட அறிவுல குறையே இல்ல, ஆனா எல்லாரும் ஒரே வீட்டு ஜன்னல் வழியா உலகத்தைப் பாத்தவங்க. அங்க காலேஜ் பேர்ங்கற ஃபில்டர், இங்க இங்கிலீஷ்ங்கற ஃபில்டர். வித்தியாசம் என்னன்னா, அவங்க ஃபில்டர்ல பாடமாவது மிஞ்சுச்சு.

செய்யக்கூடியது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. சோஷியலை ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம்: ஹிஸ்டரி, சிவிக்ஸ் ஒருத்தர், ஜாகிரபி, எகனாமிக்ஸ் இன்னொருத்தர். பீரியட் கணக்கு மாறாது. இன்டர்வியூவுல டெமோ கிளாஸைத் தமிழ்லயும் எடுக்கவிட்டுப் பாத்துட்டு, இங்கிலீஷுக்கு ஒரு ஆறு மாசம் டைம் கொடுக்கலாம். எடுத்துக்கிட்டவங்களுக்கு மேத்ஸ் சார் அளவுக்குச் சம்பளமும் கொடுக்கணும், அதுதான் மேனேஜ்மென்டுக்கு இதுலயே கஷ்டமான பகுதி.

உங்க வீட்ல தம்பி, தங்கச்சி யாராவது ஆறாவதோ ஒன்பதாவதோ சேரப் போறாங்கன்னா, இந்த வருஷம் அட்மிஷனுக்கு அப்பாவோட நீங்களும் போங்க. ஸ்மார்ட் கிளாஸ், நீச்சல் குளம், நீட் ஃபவுண்டேஷன் எல்லாம் காட்டி முடிக்கட்டும். அப்புறம் கேளுங்க, "ஹிஸ்டரி யாருங்க எடுக்குறாங்க? அவங்க என்ன படிச்சிருக்காங்க?" ரிசப்ஷன்ல இருக்கிறவங்க உள்ள போய்க் கேட்டுட்டு வர கொஞ்ச நேரம் ஆகும். உக்காந்திருங்க.