விதைநெல் யாருக்குச் சொந்தம்?

களைநாசினி தெளித்தால் களை மடியும், பயிர் மடியாது என்று சொல்லி ஒரு விதைநெல் விற்பனைக்கு வருமானால், அதை வேண்டாமென்று தள்ளக்கூடிய கமக்காரர் கண்டாவளையில் எத்தனை பேர் இருப்பர்? கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இரணைமடு நீர் பாயும் வயல்களில் நாற்று நடுவோர் சிலர், விதைப்போரே பலர். விதைத்த வயலில் நெல்லோடு நெல்லாய் எழும் களைநெல்லை இளம் பயிரில் இனங்காண்பதே கடினம். ஆகவே அத்தகைய விதையை விரும்புவோரை அறிவிலிகள் என்று ஏளனஞ் செய்தல் தகாது. ஆனால் அந்த விதை வந்தபின் விதைநெல் யாருக்குச் சொந்தம் என்பதை இப்பொழுதே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மரபணு மாற்றிய பயிரை வணிகத்துக்காகப் பயிரிட இலங்கையில் அனுமதியில்லையே, பின் ஏன் அச்சம் என்பர் சிலர். அவர்கள் இந்தியாவை நோக்குவாராக. புது டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 என்னும் இரு நெல்லினங்களை வெளியிட்டிருக்கிறது. இமாசெத்தாபைர் என்னும் களைநாசினியை அவை தாங்கும். எனினும் அவை மரபணு மாற்றிய பயிர்கள் அல்ல. இரசாயனத்தால் திரிபு உண்டாக்கிய நெல்லோடு கலந்து பெற்ற இனங்கள். மரபணு மாற்றம் என்ற ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டு தலைவாயிலில் காவல் நிற்போமானால், நம் வயலுக்கு ஏற்ற விதை கொல்லைப்புறத்தால் வந்துவிடும்.

இத்தகைய நெல் 2002இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நெல்லும் களைநெல்லும் ஒரே இனம். எனவே தாங்கும் ஆற்றல் மகரந்தத்தின் வழியே களைநெல்லுக்கும் தாவிற்று. சில ஆண்டுகளுக்குள் அந்த மருந்துக்கு மடியாத களைநெல் அங்கும் பிரேசிலிலும் தலைதூக்கியது.

பூசா நெல் அரசாங்க நிறுவனத்தின் ஆக்கம். அடுத்து வருவது கம்பெனியின் ஆக்கமாயிருப்பின்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி தாவரங்களுக்குக் காப்புரிமை இல்லை என்று என் தொழில்துறை நண்பர்கள் ஆறுதல் கூறுவர். கனடாவிலும் தாவரத்துக்குக் காப்புரிமை இல்லை! ஆயினும், களைநாசினியைத் தாங்கும் கனோலாவைத் தன் விளைச்சலிலிருந்து சேமித்து விதைத்த பேர்சி ஷ்மைசர் என்ற கமக்காரர், மொன்சாண்டோ கம்பெனியின் காப்புரிமையை மீறினார் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்த்தது. செடிக்குள் இருக்கும் மரபணுவுக்கும் உயிரணுவுக்கும் உள்ள காப்புரிமையே போதும் என்றனர் ஐந்து நீதியரசர்கள், நால்வர் மறுத்தனர். கம்பெனிக்கு அவர் பணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்றும் அம்மன்று கூறியதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை வழக்காட முரசுமோட்டைக் கமக்காரரால் இயலுமா?

கொழும்பு நம்மைக் காக்கும் என்று இருப்பதற்கும் இல்லை. கிளைபோசேற் இறக்குமதி 2015இல் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு, நெல்லுக்கு இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் ஒருசேரத் தடை. அவ்வாண்டு முடியுமுன்னரே அதுவும் தளர்ந்தது. 2022 ஓகஸ்டில் கிளைபோசேற் தடையும் நீங்கிற்று. தடை நல்லதா, தீயதா என்பது ஒருபுறமிருக்க, வர்த்தமானி அச்சேறுமுன் வன்னிக் கமக்காரனை ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிரினப் பாதுகாப்பு, கமக்காரர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் கமக்காரருக்கு உரிமை தருகிறது. வணிக முத்திரையிட்டு விதையாக விற்பது மட்டுமே விலக்கு. நமது 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டமோ விதையின் தரத்தை ஒழுங்குபடுத்த வந்தது. 39ஆம் பிரிவு போன்றதொரு பிரிவு நமக்கு வேண்டும். மரபணு மாற்றியதாயினும் அல்லவாயினும், களைநாசினியைத் தாங்கும் எந்த விதைக்கும் அது பொருந்த வேண்டும். இரணைமடு நீரைப் பங்கிடக் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே கமக்காரர் அமைப்புகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கையளிக்கட்டும். அதற்கான வாசகத்தை எழுதிக் கொடுக்க வன்னிச் சட்டத்தரணிகள் முன்வர வேண்டும்.