சத்தமில்லாமல் பேசினீர்களாம்!

"எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டேன். அதைக்கூடக் கொடுக்கவில்லை. மாஸ்கோவில் நாட்டை விட்டுப் போக அனுமதி தரும் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மறுப்பு. ஆறு மாதம் கழித்து வா" என்றாள். காரணம்? அரசு ரகசியமாம். என்ன ரகசியம்? என் கணவர் எப்போதோ வேலை பார்த்த ரேடியோ கருவிகள் அதற்குள் குப்பைக்கே போயிருக்கும்.

யூதர்களான நாங்கள் இஸ்ரேலுக்குப் போக மனுப் போட்டதும் அவர் வேலை போயிற்று. அதோடு விட்டார்களா? வேலையில்லாதவன் ஒட்டுண்ணி, அவனுக்குச் சிறை என்று சட்டம். வேலையைப் பிடுங்குவதும் அவர்களே, வேலையில்லை என்று மிரட்டுவதும் அவர்களே! எஞ்சினியர் மனுஷன் கொதிகலன் அறையில் கரி அள்ளினார். நகக்கண்ணில் ஏறிய கரி எந்தச் சோப்புக்கும் போகவில்லை. மகனைப் பட்டாளத்துக்கு இழுத்தால் அவன் தலையிலும் ஒரு ரகசியத்தைக் கட்டி நிறுத்திவிடுவார்களே என்ற பயம் வேறு.

சோவியத் அரசு அப்படித்தான்; அதனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. என் வயிறு எரிவது, அமெரிக்கர்களே, உங்களால். ராத்திரியில் போர்வைக்குள் ரேடியோவை வைத்து உங்கள் குரலைக் கேட்டோமே, அந்த உங்களால்!

1972 கோடையில் அமெரிக்கா சோவியத்துக்குக் கோதுமை விற்றது. அதே கோடையில்தான், படித்த யூதன் வெளியேற வேண்டுமானால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டு என்றார்கள். கோதுமைக்கு விலை பேசிய வாய்க்கு எங்களைப் பற்றிக் கேட்கத் தெரியாதா? கேட்டால் உறவு கெட்டுவிடுமாம். சத்தமில்லாமல் பேசுகிறோம் என்றீர்கள். என்ன பேசினீர்கள் என்பது 2010-இல் ஒலிநாடா வெளிவந்தபோது தெரிந்தது. சோவியத் நாடு யூதர்களை விஷவாயு அறைக்கு அனுப்பினாலும் அது அமெரிக்காவின் கவலை அல்ல என்று 1973-இல் அதிபர் நிக்ஸனிடம் சொன்னவர் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கர். 1938-இல் ஜெர்மனியை விட்டுத் தப்பி ஓடிய யூதக் குடும்பத்துப் பிள்ளை! எப்படி ஐயா மனசு வந்தது?

வெளியே விட்டால்தான் வியாபாரச் சலுகை என்று 1975-இல் ஜாக்சன்-வானிக் சட்டம் வந்தது. அதனால் மாஸ்கோவுக்குக் கோபம் வந்து கெடுபிடி கூடியது என்பார்கள். கூடட்டுமே! அதுவரை எங்களை மனுஷராக யார் எண்ணினார்கள்? 1979-இல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வெளியே விட்டார்கள். ஆப்கானிஸ்தான் சண்டை வந்தது, நீங்களும் மாஸ்கோவும் முறுக்கிக்கொண்டீர்கள். 1984-இல் ஆயிரம் பேர்கூடப் போகவில்லை. நாங்கள் என்ன, நீங்கள் திறந்து மூடும் குழாய்த் தண்ணீரா?

1987 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஷூல்ட்ஸ் மாஸ்கோவில், அவர்கள் தூதரகத்திலேயே, எங்களைப் போல மறுக்கப்பட்டவர்களோடு பாஸ்கா விருந்தில் கலந்துகொண்டார். உலகம் பார்க்கக் கலந்துகொண்டார். என்ன கெட்டுப்போயிற்று? பேச்சுவார்த்தை நின்றுவிட்டதா? உலகப்போர் மூண்டதா? அடுத்த வருடம் எங்களுக்கே அனுமதி வந்தது. எனக்கும் மகனுக்கும்.

1987-இல் செய்ய முடிந்ததை 1980-இல் செய்ய எது தடுத்தது? உங்களில் யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள். இடையில்தான் என் கணவர் செத்தார்.