ஊறவைக்க ஓர் இரவு

இப்போதெல்லாம் எந்தப் பத்திரிகையின் பெண்கள் பகுதியைப் புரட்டினாலும் ஒரு சமையற்குறிப்பு கண்ணில் படாமல் போவதில்லை. காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாத உத்தியோகப் பெண்களுக்காக எழுதப்படுகிற குறிப்பு அது. இரவு படுக்கப் போகுமுன் ஒரு கண்ணாடிப் புட்டியில் 40 கிராம் ஓட்ஸைப் போட வேண்டியது. அது முழுகும் அளவுக்குப் பாலை ஊற்ற வேண்டியது. ஒரு கரண்டி தயிர் சேர்த்து, மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டியது. ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து எடுத்து, ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டுச் சாப்பிட வேண்டியது. அடுப்பு இல்லை, புகை இல்லை, பாத்திரம் தேய்க்கிற வேலையில் பாதி இல்லை. அவசர உலகத்துக்கு ஏற்ற ஆகாரம் என்று முத்தாய்ப்பு வேறு.

ஓட்ஸின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. நல்ல பொருளை நல்ல பொருள் என்றே சொல்லிவிடலாம். ஆவியில் வேகவைத்து, உருளையில் நசுக்கி, அவலைப் போலத் தட்டையாக்கிய தானியம் அது. அதனால்தான் அடுப்பின் தயவில்லாமல் வெறும் பாலிலேயே ஊறி உண்ணத் தக்கதாகிறது. அதிலுள்ள பீட்டா-குளுக்கான் என்ற நார்ச்சத்து ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுகிறது என்று வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். தினம் 3 கிராம் உட்கொண்டால் இருதயத்துக்கு நல்லது என்று டப்பாவின் மேலேயே அச்சிட்டுக்கொள்ள 1997-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதியும் கொடுத்தது. ராத்திரி ஊறவைக்கிற யோசனையும் நேற்றுப் பிறந்ததல்ல. ஸூரிச் நகரத்து வைத்தியர் பிர்ஷர்-பென்னர் என்பவர், 1900-ஆம் ஆண்டை ஒட்டித் தம்முடைய ஆரோக்கிய விடுதிக்கு வந்த நோயாளிகளுக்கு, ஒரு கரண்டி ஓட்ஸைப் பன்னிரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, துருவிய ஆப்பிளும் எலுமிச்சைச் சாறும் கெட்டிப்பாலும் கலந்து கொடுத்தார். நோயாளியின் பத்தியம் நூறு வருஷத்தில் நாகரிகஸ்தர்களின் நாஷ்டாவாகிவிட்டது. ஆகட்டும், இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இதைப் புதிது என்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. தமிழ்நாட்டு அடுக்களையில் இரவு என்றைக்குச் சும்மா இருந்தது? விளக்கை அணைத்துவிட்டு வீடு தூங்கும்போது, அங்கே அரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும். நாளைய சுண்டலுக்குக் கடலை ஊறிக்கொண்டிருக்கும். உறியில் பால் தயிராகிக்கொண்டிருக்கும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகிற குடலை இட்லியும் முதல் நாள் அரைத்துப் புளிக்கவிட்ட மாவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கிறது பழையது. வடித்த சோற்றில் நீரை ஊற்றி மூடி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எட்டு, பத்து மணி நேரத்தில் அதை இதமாகப் புளிக்க வைக்கின்றன. மண்பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகி உள்ளே குளிர்ச்சியைக் கொடுக்கிறது. மின்சாரம் கேட்காத குளிர்ப்பெட்டி அது. காலையில் கல் உப்பைப் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தையோ மோர் மிளகாயையோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, மத்தியானம் வரைக்கும் ஏர் பிடித்தார்கள், நாற்று நட்டார்கள். இதைப் பார்த்து முகம் சுளித்தவர்களுடைய பேரப் பிள்ளைகள்தான், இன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தானியத்தை ஊறவைத்துப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் கைதட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். “பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்!” என்று மார்தட்டுகிற கூட்டம். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய ஹோட்டல்களில் குட்டி மண்சட்டியில் பழையதை ஊற்றி, நாலுவிதத் தொடுகறிகளோடு வெள்ளைத் துணி விரித்த மேஜையில் கொண்டு வைக்கிறார்கள். அதை ருசித்துவிட்டுப் பண்பாட்டைக் காப்பாற்றிவிட்டதாக வீடு திரும்புகிறார்கள். பழையதைக் குடித்தவன் அதைப் பண்பாடு என்று நினைத்துக் குடிக்கவில்லை. காலையில் உலை வைக்க அரிசியும் இல்லை, விறகும் இல்லை, நேரமும் இல்லை என்பதற்காகக் குடித்தான். வீட்டிலே எல்லாரும் உண்டபின் மிஞ்சிய சோற்றுக்குத்தான் நீர் ஊற்றினாள் அவன் மனைவி. மிஞ்சாத நாளில் அவளுக்கு மறுநாள் காலை ஆகாரமும் இல்லை. வறுமையின் சாமர்த்தியத்தை எடுத்துக்கொண்டு வறுமையை மறந்துவிடுவது கௌரவமான காரியம் அல்ல.

ஆக, புட்டிக் கட்சியும் பானைக் கட்சியும் விவாதித்துக்கொண்டிருப்பது உள்ளே ஊறுவது என்ன என்பதைப் பற்றித்தான். ஊறவைக்கப் பாத்திரமும் இடமும் யாருக்கு இருக்கிறது என்று இரண்டு கட்சியும் கேட்பதில்லை. காலை அவசரம், காலை அவசரம் என்கிறார்களே, அந்த அவசரத்தின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் சென்னையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போக வேண்டும்.

ராமாநுஜர் அவதரித்த ஊர் என்று நாம் கும்பிடுகிற அதே ஸ்ரீபெரும்புதூர்தான். ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் உலகத்தின் வியாபாரிகளுக்குக் கோபுரம் நினைவுக்கு வருவதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருண்டு வர ஆரம்பித்தன. 2006-இல் நோக்கியா வந்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, 2014-இல் கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. பிறகு வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று ஏரியும் வயலுமாய் இருந்த பூமியெங்கும் ஆலைகள் எழும்பின. சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் பாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கம்பெனியின் கைப்பேசிகள் உருவாகின்றன. அங்கே வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; இருபதை ஒட்டிய வயதினர்; தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள்.

விடியற்காலை முறைக்குப் போகிறவர்களுக்காகச் சாலையோரங்களில் பஸ்கள் வந்து நிற்கும்போது கிழக்கு வெளுத்திருக்காது. தலை வாரிப் பின்னி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, இருட்டில் வரிசையாக ஏறுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ராத்திரி முறை முடிந்து எதிரே வருகிற பஸ்ஸிலும் அதே போல மூடிய கண்கள். முன்னதாகத் தயாரித்து வைத்துக்கொள்ளக்கூடிய சுலபமான காலை ஆகாரம் இந்தத் தமிழ்நாட்டில் யாருக்காவது அத்தியாவசியம் என்றால், அது இந்தப் பெண்களுக்குத்தான். அந்தச் சமையற்குறிப்பை நீங்கள் படிப்பதே ஒருவேளை இவர்கள் கை பட்டு உருவான கைப்பேசியிலாக இருக்கலாம். ஆனால் குறிப்பு இவர்களுக்காக எழுதப்படவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஓட்ஸோ பழையதோ, எதுவானாலும் இரவில் ஊறுவதற்குச் சில சாமான்கள் வேண்டும். தனக்கென்று ஒரு பாத்திரம் வேண்டும். அதை எறும்பும் எலியும் தொடாமல் வைக்க ஓர் அலமாரி வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீர் கெட்டிருந்தால், பாத்திரம் அழுக்காயிருந்தால், அமிர்தம் என்று நாம் புகழ்கிற நீராகாரம் விஷமாகவும் மாறும். ஓட்ஸுக்கு ஊற்றுகிற பாலைக் கெடாமல் காக்க, நமது சீதோஷ்ணத்தில் குளிர்ப்பெட்டியும் வேண்டும். நம் வீடுகளில் இவையெல்லாம் கேட்காமலே இருப்பதால்தான் “தேவையான பொருள்கள்” என்ற தலைப்பின் கீழே இவற்றை யாரும் எழுதுவதில்லை.

இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். பூந்தமல்லியில் பாக்ஸ்கான் தொழிலாளப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு விஷமாயிற்று. 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் நூறு பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. சிலர் செத்தே போய்விட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதை நம்பும்படியான நிலையில் அந்தப் பெண்கள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது பொய்யல்ல. டிசம்பர் 17-ஆம் தேதி இரவு அவர்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடிற்று. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது விடுதியின் சமையற்கூடத்தில் எலிகள் இருந்தன, சாக்கடை வசதி சரியில்லை, சமையற்கூடத்தைப் பூட்டினார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தராதரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே அந்த மாதக் கடைசியில் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் ஆலை மறுபடி திறந்தது.

இதற்குச் சொல்லப்படுகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஆலைக்குள்ளேயே உணவுக்கூடம் இருக்கிறதே என்பது முதல் பதில். இருக்கிறது, 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உணவுக்கூடம் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே விதி செய்தது. ஆனால் அந்த விதி ஆலை வாசலோடு நின்றுபோயிற்று. வாசலுக்கு வெளியே இருக்கிற பதினைந்து, பதினாறு மணி நேரமும் அவளுக்கு வயிறு உண்டு. இரண்டாவது பதில், விடுதியில் அடுப்பு வைத்தால் தீப்பிடிக்கும் என்பது. ஊறவைப்பதற்கு அடுப்பு எதற்கு? மூன்றாவது பதில்தான் கொடியது: இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிப் போகிற பெண்கள்தானே, இவர்களுக்கு எதற்கு அலமாரியும் அடுக்களையும் என்பது. போகிற பெண் போகட்டும்; அவள் படுக்கையில் மறுநாளே இன்னொருத்தி வந்து படுக்கிறாள். அந்த இடத்தில் எப்போதும் ஒரு பெண் இருக்கிறாள்.

அரசாங்கத்தார் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காலைப் பசி வீட்டுக்குள் அடங்கிய விஷயமல்ல, ஊரின் பொறுப்பு என்பதை இந்த ராஜ்யம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதலில் 1,545 பள்ளிகளின் குழந்தைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் போட்டது. அடுத்த வருஷம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தம்பிக்கும் தங்கைக்கும் பள்ளிக்கூடத்தில் சூடாகப் பொங்கல் கிடைக்கிறது, நல்லது. அவர்களுடைய அக்காள் ஸ்ரீபெரும்புதூரில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறலாமா? 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பும் திறக்கப்பட்டது. பதின்மூன்று கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர். தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குக் கட்டில் கிடைப்பது பெரிய காரியம்தான். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் படுக்கைகளை எண்ணிச் சொல்வதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அங்கேயும், ஒப்பந்தக்காரர்கள் நடத்துகிற மற்ற எல்லா விடுதிகளிலும், ஒவ்வொரு மாடியிலும் நல்ல தண்ணீர்க் குழாய் எத்தனை, பூட்டக்கூடிய அலமாரி எத்தனை, பொதுக் குளிர்ப்பெட்டி எத்தனை, அந்தப் பெண்கள் தாங்களே ஒரு சட்டியைக் கழுவிக் கவிழ்க்கக்கூடிய தொட்டி எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். கோடிக் கணக்கில் கட்டடம் எழுப்புகிற கைகளுக்கு இது ஒரு செலவே அல்ல.

கடைசியாக ஒன்று. பாத்திரமும் தண்ணீரும் அலமாரியும் கிடைத்தாலும், இரவு வேண்டுமே! எட்டு மணி நேர வேலைக்குப் பதிலாகப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி செய்கிற மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். அது திரும்ப வராது என்று நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்து, போகவர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் ஆடிவிட்டு வருகிறவள், படுக்கப் போகுமுன் எதை எடுத்து எதில் ஊறவைப்பாள்? விழுந்ததும் தூங்குவாள்.

சமையற்குறிப்பு எழுதுகிற சகோதரிகளிடம் எனக்குச் சண்டை இல்லை. தாராளமாக எழுதுங்கள், ஓட்ஸையும் எழுதுங்கள், பழையதையும் எழுதுங்கள். அவற்றைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிற நாம், ஆலை முதலாளிகளிடமும் விடுதி நடத்துகிறவர்களிடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியதைக் கேட்போம்: அந்தப் பெண்ணுக்கு ஒரு பாத்திரம், ஒரு பூட்டு, ஒரு குடம் நல்ல தண்ணீர், தூங்கி எழ முழுசாக ஓர் இரவு. ஓட்ஸா பழையதா என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.